சவறு விழும் மாதம்

ஜனவரி 6, திங்கள்

இன்றிலிருந்து நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன். பின்னால் யாராவது கேட்டால் வாயால் சொல்வது செல்லாது.

காலையில் தீவனம் போடப் போனபோது மீன்கள் எல்லாம் மேலே நின்றன. தீவனத்துக்காக அல்ல. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. ரோகு, கட்லா எல்லாம் ஒன்றுபோல. வெயில் ஏறியதும் கீழே போய்விட்டன. இரண்டு வருடமாக மீன் வளர்க்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை.

குளம் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிறது. அதற்கு மேலே சரிவு முழுக்க ரப்பர். அந்த மேல் விளை என் கொழுந்தன் டென்னிசனுக்கு. மாமனார் இறந்த பிறகு பாகம் வைத்தபோது அவனுக்கு ரப்பர் நின்ற மேடு, எங்களுக்கு நாணல் மண்டிய சதுப்பு. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தப்பட்டிருந்தால் சதுப்பை வெட்டிக் குளமாக்கி மீன் விட்டிருப்பேனா? இவர் மஸ்கட்டில் இருக்கிறார். நான்தான் வெயிலில் நின்று வெட்ட வைத்தேன்.

குளத்துக்குத் தண்ணீர் மேல் விளையில் உள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருகிறது. டென்னிசன் ரப்பர் ஷீட் அடிக்கிற தகரப் புரையும் அந்த ஊற்றுக்குப் பக்கத்தில்தான். ரப்பர் பாலை உறைய வைக்க அங்கே ஆசிட் ஊற்றுவார்கள். இப்போதைக்கு இதை எழுதி மட்டும் வைக்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

ரப்பர் இலை உதிரத் தொடங்கிப் பத்து நாளாகிறது. முற்றம், கிணற்றடி, கோழிக்கூட்டின் கூரை எல்லாம் செம்பு நிறம். காலையில் கூட்டினால் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் மறுபடியும் அதே அளவு இலைச் சவறு. போன வருடம் வரை எரித்தேன். ஆனால் டென்னிசனின் மனைவி றீத்தா அந்த நேரம் பார்த்துத்தான் துணி காயப்போடுவாள், புகை என்று சண்டைக்கு வருவாள். எதற்கு வம்பு? இந்த வருடம் வாரிக் குளக்கரைச் சரிவில் தள்ளிவிடுகிறேன். கிடந்து மக்கட்டும், உரம்தானே.

மேல் விளையில் பால் வெட்டு நின்றுவிட்டது. இலை விழும் காலத்தில் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். விடியுமுன் வெட்டுக்காரரின் சைக்கிள் கடகடப்பு இல்லாததால் நன்றாகத் தூங்கினேன்.

ஒரு கட்லா செத்து மிதந்தது.

ஜனவரி 11, சனி

பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து நேற்று பி.எச். தாள் கொஞ்சம் எடுத்து வந்தேன். பதினெட்டு வருடமாக அங்கே ஆய்வக உதவியாளராக இருக்கிறேன், ஆசிட்டை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரில் நனைத்த தாள் பச்சை. குளத்துத் தண்ணீரில் நனைத்த தாள் மஞ்சள்.

மஞ்சள் என்றால் அமிலம். நான் கண்டுபிடித்த விஷயம் அல்ல இது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. தாளை உலர்த்தி பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

இவர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைதான் லீவு.

மீனைப் பற்றிச் சொன்னேன். தாளைப் பற்றியும் சொன்னேன்.

“டென்னிசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்,” என்றார். “வெள்ளம் கொஞ்சம் கூடுதலா விடுவான்.”

“எதுக்கு? ஆசிட்டைக் கூடுதலா அனுப்பவா?”

“சுகிர்தா, அவன் அப்பிடிப்பட்டவன் இல்ல.”

“அப்ப நான் எப்பிடிப்பட்டவ?”

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது. அண்ணனும் தம்பியும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்கிறார்கள் என்பது இன்றைக்கு உறுதி. இல்லாவிட்டால் அவன் தண்ணீர் கூடுதலாக விடுவான் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 19, ஞாயிறு

சர்ச் முடிந்து வெளியே வந்தபோது டென்னிசன் கிட்டே வந்தான்.

“மைனி, மீனெல்லாம் கொள்ளாமா?”

மீன் நன்றாக இருக்கிறதா என்று என்றைக்கும் கேட்காதவன் இன்றைக்கு ஏன் கேட்கிறான்? “ஏன், உனக்கு ஏதாவது தெரியுமா?” என்றேன்.

“இல்ல, சும்மா கேட்டேன்.” அவன் கையைப் பார்த்தேன். நகத்துக்குள் கறுப்பாக அழுக்கு. வெட்டு நின்ற பிறகும் கையில் என்ன வேலை?

மூன்று ரோகு செத்துக் கிடந்தன. கோழிக்குக்கூடப் போடவில்லை, விஷமாக இருந்தால்? தென்னை மூட்டில் புதைத்தேன்.

ஜனவரி 22, புதன்

இன்றைக்கு அரை நாள் லீவு போட்டு, ஊற்றுத் தண்ணீர் வரும் குழாயைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டேன். இனி மேலேயிருந்து ஒரு சொட்டு இறங்காது. குளத்தில் இருக்கிற தண்ணீர் மழைக்காலம் வரை போதும்.

மூன்று கூடை சவறு வாரித் தள்ளினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜனவரி 23, வியாழன்

மீன் எதுவும் சாகவில்லை. சொன்னேன் அல்லவா!

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், சாக்கு வெளியே கிடக்கிறது. குழாய் திறந்து தண்ணீர் கொட்டுகிறது. குழாயடிச் சேற்றில் கால் தடம், பெரிய கால். தடம் குழாயோடு நிற்கவில்லை. குளத்துக்குள் இறங்கி, வடக்குக் கரை முழுக்க நடந்து, மறுபடி ஏறியிருக்கிறது. கரையில் ஈரச் சவறு ஒரு குவியலாகக் கிடந்தது, எதையோ மூடி மறைத்த மாதிரி.

கம்பு விட்டுக் கிளறிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டான் போலிருக்கிறது.

செல்போனில் தடத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் என் செருப்பை வைத்து எடுத்தேன், அளவு தெரிய. சவற்றைத் திரும்பச் சரிவில் தள்ளினேன். கரையில் நடக்க இடம் வேண்டாமா?

ஜனவரி 28, செவ்வாய்

கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழாய் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். பூச்சு காயுமுன்னே டென்னிசன் வந்துவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றான்.

“மைனி, வெள்ளத்தை ஏன் அடச்சீங்க?”

“எனக்க குளம். அடைப்பேன், தெறப்பேன்.”

“இந்த மாசம் வெள்ளம் ஓடிட்டே இருக்கணும் மைனி. சவறு கெடந்து...”

“உனக்க புரையில என்ன ஊத்துறன்னு முதல்ல சொல்லு. பிறகு எனக்குச் சவறைப் பத்திப் பாடம் எடு.”

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபமா, பயமா, சரியாகத் தெரியவில்லை. பயம் என்றுதான் நினைக்கிறேன். “புரையில இப்ப என்ன ஊத்தப் போறேன்?” என்றான். ஊற்றுகிறவன்தான் சொல்ல வேண்டும்.

போகும்போது றீத்தா மேலேயிருந்து கூப்பிட்டது கேட்டது. “வாருங்க, நமக்கு எதுக்கு? செய்யுதது செய்யட்டும்.” செய்யுதது செய்யட்டும். இதற்கு என்ன அர்த்தம்?

பிப்ரவரி 3, திங்கள்

மரங்கள் மொட்டையாகிவிட்டன. இனி உதிர ஒன்றும் இல்லை.

குளத்துத் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி ஆகிவிட்டது. கை விட்டால் முழங்கைக்குக் கீழே தெரியவில்லை. ஊறவைத்த துணியை மறந்துபோய் விட்டால் வரும் வாடை. தாள் மறுபடி மஞ்சள், முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல். இதையும் பைபிளுக்குள் வைத்தேன்.

குழாயை அடைத்த பிறகும் எப்படி? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஆசிட் கேனில் மிச்சம் இருக்கும். கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நேரே ஊற்றுகிறான்.

விளிம்பில் கிடந்த சவற்றைக் காலால் தள்ளினேன். அடியில் ஒரு வரால் துள்ளி ஓடியது. வரால் மட்டும் சாகவே இல்லை. தவளையும் சாகவில்லை. வரால் கள்ள மீன், எங்காவது ஒளிந்துகொள்ளும்.

பிப்ரவரி 5, புதன்

எல்லாம் போயிற்று.

ராத்திரி முழுக்கக் காற்றே இல்லாமல் புழுங்கியது. விடிந்து பார்த்தால் குளம் வெள்ளையாக இருந்தது. முதலில் மூடுபனி என்று நினைத்தேன். எல்லாம் வயிறு. கையளவு மீன், முழங்கை நீள மீன், எல்லாம். நடுவே ஒன்றிரண்டு வாயை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைக் கையால் பிடித்துக் கிணற்றடித் தொட்டியில் விட்டேன். என் கையிலேயே இரண்டு செத்தன.

இவருக்குக் கூப்பிட்டேன். வேலை நேரம், எடுக்கவில்லை.

டென்னிசன் வேலியில் கையை வைத்து நின்றான். பிறகு வேலியைத் தாண்டி வந்து குளத்துக்குள் இறங்கிச் செத்ததை வார ஆரம்பித்தான்.

“வெளிய போ,” என்றேன்.

“மைனி...”

“வெளிய போடா.”

போய்விட்டான். ‘டா’ போட்டு அவனைப் பேசியது இதுதான் முதல் தடவை. கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது, அப்போதுகூடப் பேசியதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். பி.எச். தாளில் ஒன்று, கால் தடத்தின் படம், இரண்டையும் கொடுத்தேன்.

எஸ்.ஐ. கேட்டார், “டீச்சர், அவர் ஊத்தினதைப் பாத்தீங்களா?”

நான் டீச்சர் இல்லை என்று திருத்தவில்லை. “பார்க்க வேண்டியதில்லை சார். அமிலம் அங்கே மட்டும்தான் இருக்கு,” என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

பிப்ரவரி 8, சனி

டென்னிசனைக் காலையில் கூட்டிப் போனார்கள். சாயங்காலம்தான் விட்டார்கள். புரையில் பாதி கேன் ஆசிட் இருந்திருக்கிறது! அதை எடுத்துக்கொண்டு புரையைப் பூட்டிச் சாவியை ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். அதே ஊற்று வழிந்து போகும் கீழ் ஓடையில் குளிக்கிறவர்கள் இனி அந்தத் தண்ணீரைத் தொட மாட்டோம் என்கிறார்களாம். எனக்குச் சந்தோஷம் இல்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அவ்வளவுதான்.

ராத்திரி மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மீன் வாடை இன்னும் கையில் இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

எஸ்.ஐ. எழுதிக் கேட்டதால் மீன்வளத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஷைலஜா என்று பெயர். தூத்துக்குடிப் பக்கம் என்றாள். றீத்தாவின் அம்மா வீட்டு ஆட்களும் தூத்துக்குடியில் இருக்கிறார்கள்.

ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். வலையால் அடியிலிருந்து வாரினாள். வந்தது மீனல்ல, கறுத்து அழுகிய சவறு. வலை கிழியும் அளவுக்கு.

“தண்ணியில ஆக்ஸிஜனே இல்லைங்க,” என்றாள். “இவ்வளவு இலை எப்படி விழுந்துச்சு?”

“மரம் மேலே இருக்கு, காத்து அடிக்குது, விழுது. எல்லா வருசமும் விழும்.”

“இலை விழுறது கெட்டது இல்லைங்க. ஓடுற தண்ணியில விழுந்தா அதை மெல்ல பூச்சி தின்னும், கூனி இறால் தின்னும், அதுகளை மீன் தின்னும். ஓடைக்குச் சோறே அதுதான். ஆனா தேங்கின தண்ணியில மொத்தமா விழுந்தா, அது அழுகுறதுக்கே தண்ணியில உள்ள காத்தெல்லாம் செலவாயிடும். மீனுக்கு மிஞ்சாது. விடியக்காலம்தான் ரொம்பக் கொறையும். மீனெல்லாம் காலையில மேல வந்து வாயைத் தொறந்துச்சா?”

இதை அவளிடம் யார் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

“ஆசிட் ஊத்தினா எல்லாம்தானே சாகும்?” என்றாள். “வரால் இருக்கு, தவளை இருக்கு. வரால் மேல வந்து காத்தை நேரா குடிக்கும், அதனால தப்பிச்சிருக்கு.”

“தாள் மஞ்சளா ஆச்சே?”

“இலை ஊறினாலும் தண்ணி லேசா புளிக்கும்ங்க.” பிறகு குழாய் பக்கம் பார்த்தாள். “இதை எப்ப அடைச்சீங்க?”

எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

ஷைலஜாவின் அறிக்கை எஸ்.ஐ.க்குப் போக மாதம் ஒன்று ஆகுமாம். அதற்குள் அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்க ஒரே வழிதான். இரண்டு பக்கெட்டில் கிணற்றுத் தண்ணீர் பிடித்தேன். ஒன்றில் குளக்கரைச் சரிவில் கிடந்த சவறு நிறையப் போட்டு மூடினேன். இன்னொன்று வெறும் தண்ணீர். ஊறட்டும். ஆசிட்டும் இல்லை, டென்னிசனும் இல்லை. தாள் பச்சையாகவே இருக்கும், அதை எஸ்.ஐ. மேஜையில் வைப்பேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

டென்னிசன் இந்த ஞாயிறும் சர்ச்சுக்கு வரவில்லை. பாட்டுக்குழுவில் அவன் நிற்கும் இடம் காலியாக இருந்தது. வேறு யாரும் நகர்ந்து நிற்கவில்லை.

றீத்தா வந்திருந்தாள். வாசலில் என்னை நிறுத்தினாள். எல்லோரும் பார்த்தார்கள்.

“மைனி, அவரு வீட்டுல படுத்தே கெடக்காரு. சாப்பிடச் சொன்னா சாப்பிடுதாரு, எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்காரு. உங்களுக்கு இப்ப நிம்மதிதானா?”

“நான் செத்த மீனைத்தான் காட்டினேன். அவரு பேரை நானா இட்டுக்கட்டினேன்?”

“பின்ன யாரு?” என்றாள். “வெட்டு நின்னு மாசம் ஒண்ணு ஆச்சு. பால் இல்லாம ஆசிட்டை எதுக்கு மைனி தொடணும்? சின்னப் பிள்ளைக்குத் தெரியும்லா இது?”

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியில் எதுவும் வாங்கவில்லை. வெங்காயம் தீர்ந்துபோனதை மறந்துவிட்டேன்.

வெட்டு எப்போது நின்றது என்று இதில் எழுதியிருக்கிறேனா என்று புரட்டிப் பார்த்தேன். எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நேற்றுச் சாயங்காலம் தொட்டியில் பிழைத்துக் கிடந்த மீனில் பக்கெட்டுக்கு இரண்டாக விட்டிருந்தேன். காலையில் பார்த்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

இவர் கூப்பிட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

கோழிக்கூடு சுத்தம் செய்தேன். ஜன்னல் திரை துவைத்தேன். ஆய்வகக் கணக்கெடுப்பு வருகிறது, அதற்கு வேண்டியதை வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினேன். முற்றம் கூட்டவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மேல் விளை மரங்களில் துளிர் வந்துவிட்டது. சிவப்பாக, பளபளவென்று. இன்னும் சில நாளில் வெட்டுத் தொடங்குவார்கள். புரை பூட்டிக் கிடக்கிறது. பாலை எங்கே கொண்டுபோவான்? பக்கத்தில் உள்ள புரைக்காரர் இவனுடைய பாலை வாங்க யோசிக்கிறாராம். கெட்ட பெயர் என்கிறாராம். இதை ஸ்டாஃப் ரூமில் என்னிடமே வந்து சொன்னார்கள், எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து.

பிப்ரவரி 25, செவ்வாய்

இவர் வேலை நாளில் கூப்பிட்டார்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ ஏசுவன்னுதான் இத்தனை நாளும் சொல்லல்ல.”

“சொல்லுங்க.”

“குளத்தைக் காலையில ஒரு எட்டுப் போய்ப் பாருன்னு டென்னிசன்கிட்ட நான்தான் சொன்னேன். ஜனவரியிலேயே. நீ பள்ளிக்கூடத்துக்கு ஓடணும், உன்னால சவறு வார முடியாது. அவன் தினமும் விடியுமுன்ன வந்து வாரிப் போட்டிருக்கான். குழாயில அடைச்சிருந்த சாக்கை எடுத்ததும் அவன்தான். உங்கிட்ட சொன்னா ‘எனக்க காரியத்துல அவன் எதுக்கு’ன்னு கேப்ப, அதான் சொல்லாண்டாம்னு நான்தான் சொன்னேன். தப்பு எனக்குள்ளது.”

கரையில் கிடந்த அந்த ஈரக் குவியல். அதைத் திரும்பத் தள்ளியது யார் என்று இவருக்குத் தெரியாது. டென்னிசனுக்குத் தெரிந்திருக்கும். தினமும் வாரியிருக்கிறான், தினமும் திரும்ப விழுந்திருக்கிறது. அதை அவன் ஸ்டேஷனில் சொல்லவில்லை.

“சுகிர்தா, இருக்கியா?”

“இருக்கேன்,” என்றேன்.

வியாழக்கிழமை காலையில் நான் பார்த்ததை இப்போது எழுதுகிறேன். வெறும் தண்ணீர் பக்கெட்டில் இரண்டு மீனும் நீந்தின. சவறு பக்கெட்டில் ஒன்று செத்துவிட்டது, மற்றது வாயை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. தாள் மஞ்சள். பைபிளுக்குள் இருந்த இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மஞ்சள்.

பிப்ரவரி 27, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்கினேன்.

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். “அன்னைக்கு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களே டீச்சர்.”

“நான் டீச்சர் இல்ல சார். லேப் அசிஸ்டென்ட். நான் சொன்னது தப்பு. எனக்க குளத்துல சவறைத் தள்ளினது நான். வெள்ளத்தை அடைச்சதும் நான். அவன் ஒண்ணும் செய்யல்ல.”

“சமாதானமாப் போறீங்களா? ஃபேமிலி மேட்டரா?”

“இல்ல சார். அவன் செய்யல்லன்னு எழுதிக்கிடுங்க. சமாதானம்னு எழுதாதீங்க.”

எழுதினார். சாவியை என்னிடம் தர முடியாது, டென்னிசனே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அதனால் அங்கேயிருந்து நேரே மேல் விளைக்குப் போனேன். பாகம் வைத்த பிறகு அந்த வீட்டு முற்றத்தில் நான் கால் வைத்ததில்லை. றீத்தா கதவைப் பாதிதான் திறந்தாள்.

“சாவியை வாங்கிக்கிடச் சொல்லு. தப்பு எனக்குள்ளதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்.”

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். “சொல்லுதேன்,” என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

பிரசங்கம் முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது எழுந்து நின்று பேச அனுமதி கேட்டேன். நீளமாகப் பேசவில்லை. மீன் செத்தது சவறு அழுகியதால், டென்னிசன் மேல் நான் சொன்னது பொய், ஓடைத் தண்ணீரில் தாராளமாகக் குளிக்கலாம். அவ்வளவுதான். டென்னிசன் பாட்டுக்குழுவில் தன் இடத்தில் நின்றான். பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மத்தியானம் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமென்டை உடைத்தேன். நாலு பேரை வைத்து அடியில் கிடந்ததை வார வைத்தேன். வண்டி வண்டியாக வந்தது.

மார்ச் 8, சனி

நேற்று ராத்திரி ஒரு மழை. காலையில் பார்த்தால் குழாயில் தண்ணீர் வரவில்லை. நூல் மாதிரி ஒழுகியது, பிறகு அதுவும் இல்லை.

அடைத்துவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. எழுதாமல் விடலாம், ஆனால் தோன்றியது. செருப்பைப் போட்டுக்கொண்டு வேகமாக மேலே ஏறினேன். வாயில் வார்த்தைகூட ரெடியாக இருந்தது.

டென்னிசன் ஊற்றடியில் மண்டியிட்டு, குழாய்க்குள் தோள் வரை கையை விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் வழுவழுத்த சவறு ஒரு குவியல். மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்து குழாய் வாயில் திணித்திருக்கிறது.

என்னைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

“உங்ககிட்ட பேசதுக்கு வரல்ல மைனி. வெள்ளத்துக்காக வந்தேன்.”

“சரி,” என்றேன். சேலையைச் சொருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நானும் வாரினேன். அடியில் கிடந்த இலைகள் சல்லடை மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சி இருந்தன. ஒரு கை அள்ளியபோது உள்ளங்கையில் ஏதோ துடித்தது. கண்ணாடி போல ஒரு கூனி இறால், பிறகு இன்னொன்று, பிறகு பெயர் தெரியாத பூச்சிகள்.

“முழுசா வாராதீங்க,” என்றான். “கொஞ்சம் கெடக்கட்டும். இதுகளுக்குத் திங்க வேண்டாமா?”

வாரியதில் ஒரு பங்கைத் திரும்ப ஓடைக் கல்லிடுக்கில் வைத்தோம்.

“தினமும் வந்து வாரினத ஏன் எங்கிட்ட சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“சொன்னா?”

யோசித்தேன். “குளத்துல ஏன் எறங்கினன்னு கேட்டிருப்பேன்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது போல இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை. கையைப் புல்லில் துடைத்தான்.

“சர்ச்சுக்குப் போக முடியாம வீட்டுலயே கெடந்தேன் மைனி. அன்னைக்கு ஸ்டேஷன்ல பெஞ்சில உக்கார வச்சிருந்தாவ. நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஸ்பெஷல் கிளாஸ் விட்டு பஸ்ஸுல போகும்போ எட்டிப் பாத்துச்சுவ. அது எனக்கு மறக்காது.”

“மறக்காண்டாம்,” என்றேன்.

கடைசி அடைப்பை அவன் இழுத்தான். குழாய் ஒரு தடவை விக்கியது. பிறகு ஊற்றுக் குட்டத்தின் தண்ணீர் சுழன்று உள்ளே போக ஆரம்பித்தது.

“கீழ போய்ப் பாருங்க, குளத்துல வருதான்னு.”

“வரும்,” என்றேன்.

பார்க்கப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். றீத்தா மேலேயிருந்து யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாள். அவன் கையில் ஒட்டியிருந்த சவற்றை உதறினான்.

“மைனி வந்திருக்காவ,” என்றான்.